பார்ப்பதற்கு ஒரு பிரதி, காப்பதற்கு ஒரு மூலம்

மாசி மாதத்து மூன்றாம் பிறையில் மலையகத் தோட்டங்களில் காமன் ஊன்றுவார்கள். அதன் பின் இரவுகளில் தப்பொலி கேட்கத் தொடங்கும். ரதியும் மன்மதனும் ஆடுவார்கள்; சிவனின் தவம் கலையும்; நிறைவு இரவில் மன்மதன் எரிவான்; ரதி புலம்புவாள். இந்தக் கூத்தை ஒளிநாடாவிலும் இறுவட்டிலும் பதிந்துவைத்த தோட்டங்கள் உண்டு. அந்தப் பதிவுகளில் சில இன்று நுவரெலியாவிலும் ஹட்டனிலும் தலவாக்கலையிலும் கையடக்கத் தொலைபேசிகளில் சுற்றிவருகின்றன. எந்த நிலையில்? தபால் தலை அளவுக்குக் குறுக்கப்பட்டு, முகங்கள் கட்டம் கட்டமாகக் கலைந்து, தப்பின் ஒலி தகரத்தைத் தட்டுவது போலாகி, யார் ரதி, யார் மன்மதன் என்பதை உடையின் நிறத்தைக் கொண்டு ஊகிக்க வேண்டிய நிலையில்.

காணொளிக் கோப்பு ஒன்றைக் கையடக்கத் தொலைபேசிக்கு ஏற்றவாறு மாற்றுவது எப்படி என்பதைப் பலரும் ஒரு சில்லறை வேலையாகவே கருதுகிறார்கள். கடைக்காரப் பையன் செய்து தருவான். இணையத்தில் ஏதோ ஒரு மென்பொருள் இலவசமாகக் கிடைக்கும். படம் ஓடினால் போதும் என்பது எண்ணம். மலையகத்தைப் பொறுத்தவரை இது சில்லறை வேலை அன்று என்பதே என் வாதம். எங்கே தொலைபேசித் திரையே ஒரே திரையாகவும், தொலைபேசி நினைவகமே ஒரே அலமாரியாகவும் இருக்கிறதோ, அங்கே கோப்பை மாற்றுகிறவர் ஆவணக் காப்பாளரின் வேலையைச் செய்கிறார். அவர் அதை அறிந்து செய்கிறாரா, அறியாமல் செய்கிறாரா என்பதில்தான் ஒரு சமூகத்தின் நினைவு தங்கியிருக்கிறது.

லயன் அறையின் அளவு பத்துக்குப் பன்னிரண்டு அடி என்பது நாம் பல முறை எழுதியும் படித்தும் பழகிய செய்தி. அந்த அறையில் புத்தக அலமாரி இல்லை. குடும்ப ஆவணங்களை வைக்கத் தகரப் பெட்டி ஒன்று இருந்தால் பெரிது. ஒரு காலத்தில் தோட்டத்துக்கு ஒன்றிரண்டாக இருந்த ஒளிநாடாக் கருவிகள் பழுதாகிவிட்டன. அதன் பின் வந்த இறுவட்டுக் கருவிகளும் மூலையில் கிடக்கின்றன. கொழும்பில் கடை வேலைக்குப் போன பிள்ளையும், மத்திய கிழக்கில் வீட்டு வேலைக்குப் போன தாயும், தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பாட்டியும் ஒரே கலியாணத்தைப் பார்க்கக்கூடிய பொதுவான இடம் இன்று தொலைபேசி ஒன்றுதான். ஆகவே பழைய பதிவுகளைத் தொலைபேசிக்குக் கொண்டுவர வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. எப்படிக் கொண்டுவருகிறோம், கொண்டுவந்த பின் மூலத்தை என்ன செய்கிறோம் என்பவையே கேள்விகள்.

ஒரு பதிவு கடந்துவந்த பாதையைப் பார்ப்போம். முதலில் அது வி.எச்.எஸ். ஒளிநாடாவில் இருந்தது. இலங்கையில் நாம் பின்பற்றிய பால் முறையில் வினாடிக்கு 25 படங்கள். ஒவ்வொரு படமும் ஒற்றை வரிகள், இரட்டை வரிகள் என இரு பாதிகளாக, வினாடிக்கு 50 பாதிகளாகப் பதியப்படும். அடுத்து வந்தது வீடியோ இறுவட்டு. அதில் படத்தின் அளவு 352க்கு 288 புள்ளிகள். இரு பாதிகளில் ஒன்று மட்டுமே எடுத்துக்கொள்ளப்பட்டதால், ஆட்டத்தின் அசைவிலும் பாதி அங்கேயே போயிற்று. 2000களின் நடுப்பகுதியில் நிறத்திரையும் ஒளிப்படக் கருவியும் கொண்ட தொலைபேசிகள் தோட்டப்புறத்துக்கு வந்தபோது, அதே இறுவட்டு 3ஜிபி என்ற கோப்பு வகைக்கு மாற்றப்பட்டு நினைவகச் சிப்பில் ஏற்றப்பட்டது. அதன் வழக்கமான அளவு 176க்கு 144 புள்ளிகள். வினாடிக்குப் பெரும்பாலும் 15 படங்கள் அல்லது அதற்கும் குறைவு. பிறகு வாட்ஸ்அப் வந்தது. அனுப்பும் ஒவ்வொரு காணொளியையும் அது தன் போக்கில் மீண்டும் சுருக்கியது.

இதைக் கணக்காகச் சொன்னால் விளங்கும். வீடியோ இறுவட்டின் ஒரு படத்தில் 1,01,376 புள்ளிகள். 3ஜிபி படத்தில் 25,344. சரியாக நான்கில் ஒரு பங்கு. இன்றைய சாதாரணத் தொலைபேசித் திரை ஒன்றில் 1080க்கு 2400 என்று கொண்டால் ஏறத்தாழ 26 இலட்சம் புள்ளிகள். அதாவது, அன்றைய சிறு திரைக்கெனக் குறுக்கிய படத்தை இன்றைய திரையில் விரித்துப் பார்க்கும்போது, நூறு புள்ளிகள் நிற்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு புள்ளியை இழுத்து ஒட்டிப் பார்க்கிறோம். 2006ஆம் ஆண்டின் தொலைபேசிக்கு அது பொருத்தமான மாற்றம்தான். அன்று மாற்றியவர் மீது குறை இல்லை. மாற்றிய பின் மூல இறுவட்டைப் 'பிள்ளைகள் விளையாடட்டும்' என்று விட்டுவிட்டோமே, குறை அங்கேதான்.

படத்தைவிட ஒலிக்கு நேர்ந்தது பெரிய இழப்பு. 3ஜிபி கோப்புகளில் பெரும்பாலும் பயன்பட்ட ஒலி முறை ஏ.எம்.ஆர். என்பது. தொலைபேசி உரையாடலுக்கென்றே வடிவமைக்கப்பட்டது அது. வினாடிக்கு 8,000 மாதிரிகள் மட்டுமே எடுக்கும். ஏறக்குறைய 300 முதல் 3,400 அதிர்வு வரையிலான ஒலியையே கடத்தும். மனிதத் தொண்டை எப்படிப் பேச்சை எழுப்புகிறது என்ற மாதிரியை வைத்துக்கொண்டு அதற்கேற்ப ஒலியைச் சுருக்கும். பேச்சு விளங்கும். தப்பு விளங்காது. தீயில் காய்ச்சி இறுக்கிய தோலில் குச்சி விழும்போது எழும் அந்த வெடிப்பின் கூர்மை, அந்த எல்லைக்கு மேலேதான் நிறைய இருக்கிறது. கீழே உள்ள முழக்கமும் எல்லைக்கு வெளியே போய்விடும். காமன் கூத்தில் தப்பு பின்னணி அன்று. ஆட்டக்காரரின் அடியைத் தீர்மானிப்பதே அது. அந்த ஒலியை இழந்த பதிவைப் பார்த்து ஓர் இளைஞன் ஆட்டம் பழக முடியுமா? நடந்தது என்ன என்று கதை தெரிந்துகொள்ளலாம். கூத்தைக் கற்க முடியாது.

இன்னொரு தொல்லை இருட்டு. கூத்து இரவில் நடப்பது. தீப்பந்தம், பெற்றோமாக்ஸ், பின்னாளில் இரண்டொரு மின்குமிழ், வெளிச்சம் அவ்வளவுதான். இருட்டில் எடுத்த ஒளிநாடாவில் மணல் தூவியது போல இரைச்சல் நிறைந்திருக்கும். சுருக்கும் மென்பொருளுக்கு அந்த மணலும் அசைவு, ஆட்டக்காரரின் கையும் அசைவு. கொடுக்கப்பட்ட குறைந்த இடத்தை இரண்டுக்கும் பங்கு போட்டு, கடைசியில் இரண்டையும் கட்டங்களாக்கிவிடும். பகலில் எடுத்த கலியாணக் காணொளிக்குப் போதுமான அளவு, இரவுக் கூத்துக்குப் போதாமல் போவதன் காரணம் இதுவே. எல்லாவற்றையும் ஒரே அச்சில் வார்க்கும் கடைகள் இதை எண்ணிப் பார்ப்பதில்லை.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, நியாயமான மறுப்பு. "தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளத்தை 1,000 ரூபாயாக்கவே 2021 வரை போராட வேண்டியிருந்தது. அவரிடம் போய்ப் பெரிய கோப்பு, நல்ல தரம் என்று பேசுகிறீர்களே, இணையக் கட்டணத்தை யார் கட்டுவது? பள்ளத்தாக்கிலுள்ள தோட்டங்களில் சமிக்ஞையே சரியாகக் கிடைப்பதில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் பிள்ளைகள் இணைய வகுப்புக்காக மேடு தேடி ஏறியதை மறந்துவிட்டீர்களா?" என்று கேட்கிறார்கள்.

மறக்கவில்லை. சிறிய கோப்பு வேண்டும் என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் சிறிய கோப்பு வேறு, சிதைந்த கோப்பு வேறு. பழைய 3ஜிபி முறையில் ஒரு மணி நேரக் காணொளி ஏறத்தாழ 35 மெகாபைட்டில் அடங்கும். 2003இல் தரமாக அறிவிக்கப்பட்ட எச்.264 முறையில், வினாடிக்கு 500 கிலோபிட் படத்துக்கும் 64 கிலோபிட் ஒலிக்கும் ஒதுக்கினால், அதே ஒரு மணி நேரம் ஏறத்தாழ 250 மெகாபைட். முகம் தெரியும், ஒலி கேட்கும். வினாடிக்கு 1,200 கிலோபிட் படத்துக்கும் 128 கிலோபிட் ஒலிக்கும் கொடுத்தால் 600 மெகாபைட். பழைய ஒளிநாடாவில் இருந்ததில் கண்ணுக்குத் தெரியக்கூடியது ஏறக்குறைய முழுவதும் அதில் வந்துவிடும். 64 கிகாபைட் சிப் ஒன்றில் இப்படி நூறு மணி நேரம் வைக்கலாம். இணையத்தின் வழியாகத்தான் போக வேண்டும் என்றும் இல்லை. ஹட்டன் கடையில் சிப்பில் ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்குப் போய், ஒருவர் தொலைபேசியிலிருந்து இன்னொருவர் தொலைபேசிக்கு நேரடியாக மாற்றிக்கொள்ள ஒரு சதமும் செலவில்லை. தரத்தைக் குறைப்பது ஏழையின் மீதுள்ள அக்கறை என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. நூற்றாண்டுக்கு மேலாக அந்த மக்களுக்கு 'இது போதும்' என்று சொல்லிக்கொடுக்கப்பட்டவை ஏராளம். லயன் அறையும் அப்படித்தான் போதுமென்று சொல்லப்பட்டது.

அப்படியானால் முறையாகச் செய்வது எப்படி? தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

முதலாவது, கிடைப்பவற்றுள் மூலத்துக்கு மிக அருகிலுள்ள பிரதியிலிருந்து தொடங்க வேண்டும். ஒளிநாடா இருந்தால் ஒளிநாடா; இல்லையேல் இறுவட்டு; அதுவும் இல்லாதபோது மட்டுமே தொலைபேசியில் வந்த பிரதி. வீடியோ இறுவட்டு என்றால் அதனுள் எம்பெக்ஏவி என்ற உறையில் டாட் என்று முடியும் கோப்பு இருக்கும். அதை எந்த மாற்றமும் செய்யாமல் அப்படியே கணினிக்கு எடுத்துவைக்க வேண்டும். டி.வி.டி. என்றால் முழு உறையையும் எடுக்க வேண்டும். ஒளிநாடாவை ஒரு முறை ஓட்டும்போதே 720க்கு 576 புள்ளிகளில், நல்ல தரத்தில் கணினியில் பதிந்துவிட வேண்டும். இரண்டாம் முறை ஓடும் என்று உத்தரவாதம் இல்லை. இவை மூலங்கள். இவற்றைத் தொடக்கூடாது.

இரண்டாவது, தொலைபேசிக்கான பிரதி. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருள் இதற்குப் போதும். கட்டளைகள் எழுதப் பழகியவர்களுக்கு எஃப்.எஃப்.எம்பெக் உண்டு. கோப்பு வகை எம்பி4, படம் எச்.264, ஒலி ஏ.ஏ.சி. என்று தெரிவு செய்தால் கையிலிருக்கும் மலிவான தொலைபேசியிலும் ஓடும். எச்.265 என்ற 2013ஆம் ஆண்டின் தரம் இன்னும் சிறிதாகச் சுருக்கும். எனினும் பழைய தொலைபேசிகள் சில அதைத் திறக்கத் திணறும் என்பதால், ஊரெல்லாம் பகிர வேண்டிய பிரதிக்கு எச்.264 பாதுகாப்பானது. ஹேண்ட்பிரேக்கில் தர அளவுகோல் ஒன்று உண்டு. எண் குறையக் குறையத் தரம் கூடும். ஒளிநாடா, டி.வி.டி. அளவிலான படங்களுக்கு 18 முதல் 22 வரை வைக்கலாம் என்பது அந்த மென்பொருளை ஆக்கியவர்களின் பரிந்துரை. இரவுக் கூத்துக்கு 18ஐ ஒட்டி வைப்பதும், இரைச்சலைச் சற்றே தணிக்கும் வடிகட்டியை மென்மையான அளவில் போடுவதும் நல்லது. அளவு மீறித் தணித்தால் முகங்கள் மெழுகுப் பொம்மைகளாகிவிடும்.

மூன்றாவது, ஒற்றை வரி, இரட்டை வரி என்று முன்னர் சொன்னேனே, அந்த இரு பாதிகளைச் சேர்க்கும் வேலை. அதைச் செய்யாமல் மாற்றினால் ஆட்டக்காரர் கையை வீசும்போதெல்லாம் சீப்புப் பற்கள் போலக் கோடுகள் தெரியும். அவற்றை நீக்கும் வடிகட்டி எல்லா நல்ல மென்பொருளிலும் உள்ளது. அதிலும் 'பாப்' என்ற தெரிவைப் போட்டால் வினாடிக்கு 50 படங்கள் என அசைவு முழுவதும் காப்பாற்றப்படும். அடவு பழகுகிறவருக்கு இது பெரிய உதவி.

நான்காவது, படத்தின் விகிதம். பழைய பதிவுகள் நாலுக்கு மூன்று என்ற விகிதத்தில் எடுக்கப்பட்டவை. தொலைபேசித் திரை நீளம் என்பதற்காகப் படத்தை இழுத்து நிரப்பினால் ஒல்லியான மன்மதனும் பருத்துவிடுவான். இரு பக்கமும் கறுப்பாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். சிறிய படத்தைப் பெரிய எண்களுக்கு ஊதிப் பெருக்குவதாலும் பயன் இல்லை. இல்லாத விவரம் ஊதினால் வராது, கோப்புத்தான் பருக்கும்.

ஐந்தாவது, ஒலி. ஏ.ஏ.சி. முறையில் 128 கிலோபிட் கொடுங்கள். படத்தில் எவ்வளவு சிக்கனம் பிடித்தாலும் கூத்திலும் பாட்டிலும் ஒலியில் கை வைக்க வேண்டாம்.

அனுப்பும் முறையிலும் கவனம் வேண்டும். வாட்ஸ்அப்பில் காணொளியாக அனுப்பினால் அது மீண்டும் சுருக்கும். அதையே ஆவணமாக இணைத்து அனுப்பினால் மாற்றமின்றிப் போகும். 2022 முதல் 2 கிகாபைட் வரையிலான கோப்பை அப்படி அனுப்ப முடிகிறது. யூடியூப்பில் ஏற்றுவது பலர் பார்ப்பதற்கு நல்ல வழி. காப்பதற்கான வழி அன்று. அங்கும் கோப்பு மறுபடி சுருக்கப்படுகிறது. கணக்கு முடக்கப்பட்டால் எல்லாமே போய்விடும்.

எதைப் பதிந்திருக்கிறோம் என்பதைப் பொறுத்து அளவுகள் மாற வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் கரும்பலகையில் எழுதிக் கற்பிக்கும் காணொளியில் அசைவு குறைவு. வினாடிக்குப் படங்கள் குறைந்தாலும் பாதகமில்லை. எழுத்து தெளிவாக இருக்க வேண்டும், ஆகவே புள்ளிகளைக் குறைக்கக் கூடாது. மூத்தவர் ஒருவரின் வாய்மொழிப் பேட்டி என்றால் படம் சற்றுக் குறையலாம். குரல் முழுமையாக வேண்டும். கூத்துக்கு அசைவும் வேண்டும், ஒலியும் வேண்டும். இந்த வேறுபாட்டை அறிந்து செய்வதுதான் தொழில். ஒரே பொத்தானை அழுத்திவிட்டுக் காசு வாங்குவதற்குத் தொழில் என்று பெயரில்லை.

இவற்றுக்கு ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்கலாம். ஒளிநாடாக் கருவியைக் கடைசி வரை உற்பத்தி செய்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் அதை நிறுத்திவிட்டது. இருக்கும் கருவிகள் தேயத் தேய, ஒளிநாடா கையில் இருந்தும் பார்க்க வழியில்லாத நாள் நெருங்குகிறது. நுவரெலியாவின் குளிரும் ஈரமும் நாடாவில் பூஞ்சணம் பிடிக்க ஏற்றவை. வீட்டுக் கணினியில் எழுதிய இறுவட்டுகளின் சாயப் படலம் வெளிச்சத்திலும் ஈரத்திலும் மங்கிப்போகும். இவற்றுக்கெல்லாம் மேலாக மண்சரிவு. 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்த மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் போனபோது, உயிர்களோடு அந்தக் குடும்பங்களின் நிழற்படங்களும் பத்திரங்களும் புதைந்தன. ஒரே வீட்டில் இருக்கும் ஒரே பிரதியை மலையகத்தில் யாரும் நம்பியிருக்க முடியாது.

இங்கே வரலாற்றையும் சற்று நினைவுகூர வேண்டும். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவர்களாக்கியது. 1949இல் வந்த இந்தியர், பாக்கிஸ்தானியர் வதிவிடப் பிரசாவுரிமைச் சட்டம், மணமானவர்கள் 7 ஆண்டும் மணமாகாதவர்கள் 10 ஆண்டும் தொடர்ந்து இங்கே வாழ்ந்ததற்குச் சான்று கேட்டது. பரம்பரையாக இந்த மண்ணில் உழைத்தவர்களிடம் காட்டுவதற்குக் காகிதம் இருக்கவில்லை. தோட்டத்தின் செக்ரோல் கணக்குகள் துரையின் அலுவலகத்தில் இருந்தன. தொழிலாளியின் வாழ்க்கை தொழிலாளியின் நினைவில் மட்டுமே இருந்தது. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டபோது, அண்ணன் கூடலூரிலும் தம்பி தலவாக்கலையிலுமாகக் குடும்பங்கள் பிரிந்தன. எஞ்சியிருந்த நாடற்றவர்களின் பிரச்சினைக்குத் தீர்வு காணும் சட்டம் வர 2003 ஆயிற்று. ஆவணம் இல்லாமையின் விலையை இவ்வளவு கடுமையாகச் செலுத்திய சமூகம் தமிழரில் வேறொன்று உண்டா? அந்தச் சமூகம் தன் கைக்கு முதன்முறையாகக் கிடைத்த பதிவுக் கருவியின் விளைச்சலை, இடம் போதவில்லை என்று அழித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

மக்கள் கவிமணி சி. வி. வேலுப்பிள்ளை தோட்டம் தோட்டமாக வழங்கிய பாடல்களைத் திரட்டினார்; 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' 1983இல் நூலாக வந்தது. அந்நூல் இல்லாவிட்டால் அந்தச் சொற்களில் பல இன்று நமக்கு இல்லை. ஆனால் காகிதம் சொல்லைத்தான் காக்கும். பாடியவரின் குரலையும், இழுத்த இழுப்பையும், மூச்சு வாங்கிய இடத்தையும் காகிதம் காக்காது. அவருக்கு வாய்க்காத கருவி இன்று கொழுந்து பறிக்கும் பெண்ணின் கையில் இருக்கிறது. 2023இல் மலையக மக்களின் 200 ஆண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்த நடைபயணத்தில் தொலைபேசியை உயர்த்திப் பிடித்துப் பதிந்தவர்கள் எத்தனையோ பேர். அந்தப் பதிவுகளின் மூலக் கோப்புகளைத் தனியே எடுத்துவைத்தவர்கள் எத்தனை பேர்?

"கூத்து ஆண்டுதோறும் நடக்கிறதே, பழைய பதிவு எதற்கு?" என்றும் சிலர் கேட்பதுண்டு. நடக்கிற இடங்களில் நடக்கிறது. ஆனால் இரவு முழுவதும் ஆடியது சில மணி நேரமாகச் சுருங்குகிறது, பாடல்கள் விடுபடுகின்றன, பழக்கிய வாத்தியார்கள் மறைகிறார்கள், ஆட வேண்டிய இளைஞர்கள் கொழும்பில் இருக்கிறார்கள், விடுமுறை கிடைத்தால் வருகிறார்கள். ஒரு தோட்டத்தில் கைவிடப்பட்ட பாடலை மீட்க, அதே தோட்டத்தின் பழைய பதிவைத் தவிர வேறு எங்கே போவது? அது 176க்கு 144 அளவில், தொலைபேசிப் பேச்சுக்கான ஒலியில் மட்டுமே மிஞ்சியிருந்தால், பாடலின் வரியைக்கூடப் பிரித்தறிய இயலாது.

என்ன செய்யலாம்? பெரிய திட்டங்களைச் சொல்லப் போவதில்லை. தோட்டத்துக் கோவில் நிருவாகமோ இளைஞர் மன்றமோ ஒரு வன்தட்டு வாங்கட்டும். ஒரு திருவிழாச் செலவில் அது ஒரு துளி. தோட்டத்தில் யாரிடம் ஒளிநாடா, இறுவட்டு இருக்கிறதென்று வீடு வீடாகக் கேட்டு, வாங்கி, மூலத்தைப் பிரதி எடுத்து, திருப்பிக் கொடுக்கட்டும். இரண்டாவது வன்தட்டு ஒன்று தோட்டத்துக்கு வெளியே, பாடசாலையிலோ நகரத்து உறவினர் வீட்டிலோ இருக்கட்டும். ஒவ்வொரு கோப்பின் பெயரிலும் தோட்டம், டிவிசன், ஆண்டு, நிகழ்ச்சி ஆகியவை இருக்க வேண்டும். ஆடியவர்கள் பெயரைத் தெரிந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதிவைக்க வேண்டும். பெயரில்லாத காணொளி பெயரில்லாத கல்லறை போன்றது. குடும்ப நிகழ்ச்சிகளை வெளியிடுமுன் உரியவர்களின் இசைவைக் கேட்பதும் கடமை.

நகரங்களில் கடை நடத்தும் தம்பிமாருக்கு ஒரு வேண்டுகோள். உங்களிடம் வரும் பழைய இறுவட்டை மாற்றிக்கொடுக்கும்போது, தொலைபேசிப் பிரதியுடன் மாற்றப்படாத மூலக் கோப்பையும் ஒரு சிப்பில் இட்டுக் கொடுங்கள். அதற்குத் தனியே காசு வாங்குங்கள், தவறில்லை. 'இதை அழிக்காதீர்கள்' என்று ஒரு வார்த்தை சொல்லிக் கொடுங்கள். அந்த ஒரு வார்த்தை பல கருத்தரங்குகளைவிடப் பயன் தரும்.

நிறுவனங்களும் இல்லாமல் இல்லை. கம்பளைக்கு அருகே தோட்டத் தொழிலாளருக்கென்றே ஓர் அருங்காட்சியகம் 2007 முதல் இருக்கிறது. ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் 2005 முதல் எண்ணிமப்படுத்திவரும் நூலகம் நிறுவனம், ஒலி, ஒளிப் பதிவுகளையும் ஏற்றுப் பேணுகிறது. தோட்டத்தில் சேர்த்ததன் மூன்றாவது பிரதி இத்தகைய இடங்களுக்குப் போகலாம்.

வெளிநாடுகளில் இருந்து இதைப் படிக்கும் அன்பர்களுக்கும் பங்குண்டு. நீலகிரியிலும், சென்னையிலும், ரொறன்ரோவிலும், இலண்டனிலும் உள்ள மலையகக் குடும்பங்களின் பெட்டிகளில், ஊரிலிருந்து வந்த ஒளிநாடாக்கள் கிடக்கக்கூடும். ஊரில் அழிந்துபோன பதிவின் ஒரே நல்ல பிரதி உங்கள் வீட்டு மேல்தட்டில் இருக்கலாம். அடுத்த முறை வீடு மாறும்போது குப்பையில் போடுமுன், அதை ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். உங்கள் நகரத்தில் அதை முறையாக மாற்றித் தரும் வசதி ஹட்டனைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

தொலைபேசியில் பார்க்கும் பிரதி எத்தனை முறை வேண்டுமானாலும் மாறட்டும். இன்றைய திரைக்கு எச்.264, நாளைய திரைக்கு வேறொன்று. மூலம் இருந்தால் ஒவ்வொரு தலைமுறையும் தன் திரைக்கு ஏற்பப் புதிதாக ஒரு பிரதியை எடுத்துக்கொள்ளும். மூலம் போய்விட்டால், கடைசியாக யாரோ அவசரத்தில் சுருக்கிய அந்தக் கலங்கிய பிரதியே அந்தக் கூத்தின் வரலாறாக நின்றுவிடும். மன்மதன் எரிந்தாலும் ரதியின் கண்ணுக்கு மட்டும் தெரிவான் என்பது கதை. நம் பிள்ளைகளின் கண்ணுக்கும் அவன் தெரிய வேண்டுமானால், வன்தட்டு ஒன்றை வாங்குவதிலிருந்து தொடங்குவோம்.